எல்லாரையும் ஆமென் சொல்ல வைத்த பெரியம்மா

பிள்ளைகளே, திட்டு வாங்கிவிட்டு அந்தத் திட்டுக்கே நீங்கள் 'ஆமென்' சொன்னதுண்டா? நானும் உங்கள் அம்மாவும் சொல்லியிருக்கிறோம். வாரம் தவறாமல் சொல்லியிருக்கிறோம்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. உங்களில் ஒருவரும் பிறக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். முன்பகுதியில் வீட்டுக்காரர்கள். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் அந்த அம்மாளைப் பெரியம்மா என்றும் அவர் கணவரைப் பெரியப்பா என்றும்தான் கூப்பிடுவோம். பெயர் வேண்டாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

பெரியம்மா ஆள் குள்ளம். குரல் மட்டும் நல்ல உயரம். ஆனால் அந்தக் குரலால் அவர் யாரையும் நேருக்கு நேர் ஒரு சொல் திட்டி நான் கேட்டதில்லை. யார்மேலாவது குறை இருந்தால், சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போடுவார். கண்ணை மூடுவார். "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், நாம் மாட்டிக்கொண்டோம். ஜெபத்தின் நடுவே யாராவது குறுக்கே பேச முடியுமா? எழுந்துதான் போக முடியுமா?

நாங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கிய முதல் நாளே இது நடந்தது. "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு அடுப்பை மூட்டுங்க" என்று வந்தார். எங்களுக்குச் சந்தோஷம். கைகளைக் கூப்பி நின்றோம்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீரே, ஸ்தோத்திரம். கிணற்றடியிலே சோப்புத் தண்ணீர் தேங்கினால் வழுக்கும் என்பதை இவர்களுக்கு வெளிப்படுத்தும். துணி உலர்த்தும் கொடியிலே கிணற்றுப் பக்கம் இவர்களுக்கு, வாசல் பக்கம் எங்களுக்கு என்கிற சமாதானத்தைத் தாரும். பீடி பிடிக்கிற பழக்கம் இந்தத் தம்பிக்கு இருந்தால், இருக்கிறது ஆண்டவரே, சட்டைப் பையிலே பார்த்தேன், அதை இன்றைக்கே எடுத்துப்போடும். இவர்களுடைய மனக்கண்களைத் திறந்தருளும்."

நான் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவளும் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். வேறு வழி? சேர்ந்து ஆமென் சொன்னோம். வீட்டுக்கு என்னென்ன சட்டதிட்டம் என்பதெல்லாம் எங்களுக்கு ஆண்டவர் வழியாகத்தான் தெரியவந்தது. பீடியை நான் விட்டதும் அந்த வீட்டில்தான். விடாமல் எப்படி இருப்பது? வாராவாரம் நினைவூட்டுதல் வந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம். ஒரு வாரம் ஒரு வீடு. பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். பாட்டு, ஒரு சின்னச் செய்தி, அப்புறம் சங்கிலி ஜெபம். அதாவது, ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் ஆரம்பிக்க வேண்டும். சுற்றி வந்து கடைசியில் பெரியம்மா முடிப்பார். முடிப்பார் என்று சொல்கிறேனே ஒழிய, சுலபத்தில் முடிக்க மாட்டார். எதிர்வீட்டு பேங்க் சாருடைய ரேடியோ சத்தம், மூலை வீட்டு அக்கா எங்கள் கிணற்று வாளியைக் கொண்டுபோய்த் திருப்பித் தராதது, எல்லாம் ஒவ்வொன்றாக ஆண்டவருடைய சமுகத்தில் வைக்கப்படும். ஒவ்வொன்றின் கடைசியிலும் "மனக்கண்களைத் திறந்தருளும்" உண்டு. யாருடைய விஷயமோ அவர்தான் பலமாக ஆமென் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் "இன்னும் உணர்த்தும் ஆண்டவரே" என்று அதே விஷயம் மறுபடி முதலிலிருந்து வரும். பேங்க் சார் அனுபவசாலி. ரேடியோ என்ற சொல் வந்த உடனேயே "ஆமென், ஆமென்" என்று இரண்டு தடவை சொல்லிவிடுவார். ஒரு வாரத்துக்கு அவர் வீட்டு ரேடியோ அடக்கமாகப் பாடும்.

போதகர் ஐயாவும் தப்பவில்லை. ஒருமுறை அவர் வந்து செய்தி கொடுத்தார். நீண்டுவிட்டது. உள்ளே சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. பெரியம்மா முடிவு ஜெபத்தில், "உமது ஊழியக்காரருக்குத் தந்த ஞானத்துக்காக ஸ்தோத்திரம். அதைப் பகுதி பகுதியாகக் கொடுக்கும் ஞானத்தையும் அவருக்குத் தாரும்" என்றார். போதகர் ஐயாதான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். சொல்லிவிட்டு, "சுண்டலை எடுத்துட்டு வாங்கம்மா, ஜெபம் கேட்கப்பட்டாச்சு" என்றார்.

பெரியம்மாவிடம் சரிக்குச் சரி நின்றவர் ஒரே ஒருவர்தான், பால்காரர். முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் பாத்திரத்தை நீட்டிய கையோடு பெரியம்மா கண்ணை மூடிவிட்டார்.

"ஆண்டவரே, தாம்பரத்திலே குடிதண்ணீருக்குக் கஷ்டப்படுகிறோம் என்று அறிந்து, பாலிலேயே தண்ணீரையும் சேர்த்து அனுப்புகிறீரே, ஸ்தோத்திரம்."

பால்காரர் அளக்கும் குவளையைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது, சாமியாண்ட கோள் சொல்லினு கீறே? நான் இங்கதானே நின்னுகினு கீறேன்? என்னாண்ட கேளேன்."

பெரியம்மா கண்ணைத் திறக்கவில்லை. "இந்தச் சகோதரனுடைய மனக்கண்களைத் திறந்தருளும்."

"எங்க பெருமாள் திருநீர்மலையில நின்னுகினு, குந்திகினு, படுத்துகினு, நடந்துகினு நாலு தினுசா கீறாரு. ஒரு தபா கூட என் பால் கேனை எட்டிப் பாத்ததில்ல. உங்க சாமி ரொம்ப பேஜார்மா."

மறுநாள் பால் கெட்டியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெரியம்மாவுடைய பக்தி வேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் அம்மா டைபாய்டு காய்ச்சலில் படுத்தபோது நான் கிண்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். லீவு கிடைக்கவில்லை. பகல் முழுக்கப் பெரியம்மாதான் பக்கத்தில் இருந்தார். கஞ்சி வைத்தார், துணி துவைத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார். நான் வேலை முடிந்து வரும்போது, "இந்தப் பெண்ணுக்கு சாத்துக்குடி வாங்க மறந்து வெறுங்கையோடு வந்திருக்கும் புருஷனுக்கு ஞாபகசக்தி தாரும்" என்று ஒரு ஜெபம் இருக்கும். ஆனால் அதே மூச்சில், "இவளை எனக்குத் தாரும் ஆண்டவரே" என்று சொல்லும்போது அவர் குரல் உடையும். அது நிஜமான குரல். அதனால்தான் அவர்மேல் எங்களுக்குக் கோபம் வந்ததில்லை.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போனவருக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? சங்கிலி ஜெபத்தில் அவர் முறை வந்தால் ஒருமுறை கனைப்பார். அதுதான் அவருடைய ஜெபம். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் உடனே ஆரம்பித்துவிடுவார். அந்தக் கனைப்பையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

அவர்களுக்கு ஒரே மகன். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். பல்லாவரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அங்கே ஆளைக் குறைத்தபோது இவருக்கு வேலை போயிற்று. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப்போய், சானடோரியம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் திரும்பி வருவார். சபையைச் சேர்ந்த யாரோ பார்த்துவிட்டுப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

பெரியம்மா மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தார்.

அன்று கூட்டம் அவர்கள் வீட்டில். தெருவே உட்கார்ந்திருந்தது. மகன் சுவரோரமாக இருந்தார். முடிவு ஜெபத்தில் பெரியம்மா ஆரம்பித்தார். "ஆண்டவரே, வேலையை இழந்துவிட்டு அதைப் பெற்றவர்களுக்கு மறைத்து, நான் கட்டிக்கொடுக்கும் சோற்றை ஸ்டேஷன் பெஞ்சிலே உட்கார்ந்து தின்றுவிட்டு வருகிற என் மகனுடைய மனக்கண்களைத் திறந்தருளும்."

நான் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடியிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. பார்த்துவிட்டேன். மகனுடைய முகம் சுண்டிப்போயிற்று. சத்தமில்லாமல் எழுந்தார். எங்கள் கால்களை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியம்மா அவருக்காகத்தான் உருகி உருகி ஜெபித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஜெபம் முடிந்து அவர் கண்ணைத் திறந்தபோது சுவரோரம் காலியாக இருந்தது.

மகன் ஊரப்பாக்கத்தில் ஒரு நண்பரோடு போய்த் தங்கினார். அங்கே ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கடைக்காரருடைய தங்கையையே அங்கே உள்ள சபையில் கல்யாணம் செய்துகொண்டார். போதகர் ஐயா மூலமாகச் சொல்லி அனுப்பினார். பெரியம்மா போகவில்லை. பெரியப்பாவையும் போகவிடவில்லை. "முதல்ல அவன் வந்து மன்னிப்பு கேக்கட்டும். கண்ணு தெறந்தா வருவான்" என்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் மகனுக்காக ஜெபம் மட்டும் நடந்தது. சீக்கிரத்தில் அதற்கு ஆமென் சொல்ல எங்களுக்கே கூச்சமாகிவிட்டது. தாம்பரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே என்ன, கடலா இருக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் ஊறுகாய்ப் பிரச்சினை வந்தது. பெரியம்மா போடும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு எங்கள் தெருவே அடிமை. அது ஜாடியில் வேகமாகக் குறைய ஆரம்பித்தது. "ஆண்டவரே, இந்த வீட்டிலே நார்த்தங்காய் எங்கே போகிறது என்கிற ரகசியத்தை வெளிப்படுத்தும். புளிப்பு தின்னும் ஆசை இளவயதுப் பெண்களுக்கு வரும் என்று அறிவேன். கேட்டு வாங்கித் தின்னும் மனதை அவர்களுக்குத் தாரும்."

உங்கள் அம்மா அன்று வீட்டுக்குள் வந்து ஒரு பாடு அழுதாள். "நான் தொடவே இல்லைங்க. தொடாததுக்கு ஆமென் வேற சொல்லிட்டு வந்திருக்கேன்!"

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அவர்கள் வீட்டில் கூட்டம். சங்கிலி ஜெபம் சுற்றி வந்தது. பெரியப்பாவின் முறை. கனைத்தார். அடுத்து உங்கள் அம்மா. அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு கனைப்பு கேட்டது. அதற்குப் பிறகு ஒரு குரல். யாருடைய குரல் என்று புரியவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆண்டவரே, எனக்கு இவளை மாதிரி ஜெபிக்கத் தெரியாது. நான் கார்டு. வண்டிக்கு முன்னால என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது. பின்னால எதை விட்டுட்டு வந்தோம்னுதான் தெரியும். இவ இன்ஜின் மாதிரி போயிட்டே இருக்கா. பின்னால ஒரு பெட்டி கழண்டு நிக்குது. ஊரப்பாக்கத்துல நிக்குது. அவனைக் கொண்டு வாங்கன்னு வாராவாரம் உங்களைக் கேக்கிறா. ஊரப்பாக்கத்துக்கு பஸ் போகுது ஆண்டவரே. அந்த பஸ்ஸை இவ கண்ணுக்குக் காட்டுங்க."

அவர் நிறுத்தவில்லை.

"போன மாசம் அவனுக்குப் பெண் குழந்தை பொறந்திருக்கு. மண்ணெண்ணெய் க்யூவுல நிக்கப் போறேன்னு சொல்லிட்டு நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். இவகிட்ட சொல்ல பயமா இருந்துச்சு, உங்ககிட்ட சொல்லிட்டேன். ஊறுகாயை எடுத்துட்டுப் போய் அவனுக்குக் குடுத்ததும் நான்தான். இந்தப் பொண்ணு இல்ல. ஆமென்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அடுத்து ஆரம்பிக்க வேண்டிய உங்கள் அம்மாவும் ஆரம்பிக்கவில்லை. பேங்க் சார் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் மூலை வீட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா மட்டும்தான் மூடியிருந்தார்.

"ஆண்டவரே," என்று ஆரம்பித்தார். பெரியப்பாவுக்கு இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்தோம். "இவருடைய மனக்கண்களை..." நின்றுவிட்டார். மறுபடி, "என் மகனுடைய மனக்கண்களை..." அதுவும் முடியவில்லை. அப்புறம் ஜெபத்தின் தமிழ் எல்லாம் போய், அடுப்படியில் பேசுகிற பேச்சு வந்தது.

"ஆண்டவரே, அவன் எந்திரிச்சுப் போனதை நான் பாக்கவே இல்லையே. என் எதிர்க்கதானே உக்காந்திருந்தான். உங்ககிட்ட பேசறேன்னு நெனச்சுக்கிட்டு தெருவுக்குக் கேக்கப் பேசிட்டேனே. ஊருக்கெல்லாம் கண்ணு கேட்டேன். குருடி நான்தான் ஆண்டவரே. எனக்குக் கண்ணு குடுங்க."

இதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாங்கள் ஆமென் சொன்னோம்.

பெரியம்மா கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்க்கவில்லை. நேராகப் பெரியப்பாவிடம் திரும்பினார். "பாப்பா யாரு ஜாடை?"

"உன் ஜாடைதான்" என்றார் பெரியப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய் எப்படின்னு இனிமேதான் தெரியும்" என்றார்.

மறுநாளே ஊரப்பாக்கம் போக முடிவாயிற்று. குழந்தைக்கான சாமான்கள் வைத்த கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் உங்கள் அம்மாவும் கூடப் போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு பஸ் வந்தது. பெரியம்மா ஏறவில்லை. "கூட்டமா இருக்கு" என்றார். கூட்டமே இல்லை. இன்னொன்று வந்தது. அதையும் விட்டார்.

"என் மூஞ்சியிலேயே கதவைச் சாத்திட்டான்னா?" என்று பெரியப்பாவிடம் கேட்டார். "சாத்தினா நியாயம்தானே? நான் செஞ்சதுக்கு வேற என்ன செய்வான்?"

"சாத்தலாம்" என்றார் பெரியப்பா. "ஆனா இத்தனை வருஷமா நீ பண்ணின ஜெபத்தையெல்லாம் ஆண்டவர் காது குடுத்துக் கேட்டுட்டு, நேத்து நீ கேட்டதையும் குடுத்திருக்காரே. உன்னையே பொறுத்துக்கிட்டவர் இதுக்கு மேல கைவிடப் போறாரா? ஏறு, அடுத்த பஸ் வருது."

பெரியம்மா சிரித்துவிட்டார். அழுதுகொண்டேதான் சிரித்தார். ஏறினார்.

மகனுடைய வீடு ஓட்டு வீடு. வாசலில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ரிம்மைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கப்பா. வாங்கண்ணா, வாங்கண்ணி." அம்மாவை அவர் வா என்று சொல்லவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். நம்முடைய வழக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஜெபம்தானே? அதை நினைத்துத்தான் அவர் பயந்திருக்க வேண்டும்.

"ஜெபம் பண்ணப் போறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லடா. உங்கிட்ட பேச வந்தேன்." பெரியம்மாவின் அந்த உயரமான குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "வேலை போச்சேடா, உனக்கு எப்படி இருந்துச்சுன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. நாலு பேர் முன்னால உன்னை அசிங்கப்படுத்தினேன். அதுக்கு ஆண்டவர் பேரையும் இழுத்தேன். மன்னிச்சிடுடா."

மகன் கவிழ்ந்து கிடந்த சைக்கிளைப் பார்த்தபடி நின்றார். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது சுற்றி முடித்து நின்றது.

"வெயில்ல நிக்காதீங்கம்மா" என்றார். "உள்ள வாங்க."

உள்ளே மருமகள் குழந்தையைக் கொண்டுவந்து பெரியம்மாவின் மடியில் வைத்தாள். பழைய கதை தெரியாமலா இருக்கும்? ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. "குழந்தைக்கு ஜெபம் பண்ணுங்க அத்தை" என்றாள். உங்கள் அம்மா என் கையைக் கிள்ளினாள். பெரியம்மா மகனைப் பார்த்தார்.

"பண்ணுங்கம்மா" என்றார் அவர். அப்புறம், "சின்னதா" என்றார்.

பெரியம்மா குழந்தையின் தலையில் கை வைத்தார். கண்ணை மூடவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இவளைப் பாக்க வெச்சீங்களே ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றார். மேலே ஏதாவது வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவ்வளவுதான், ஜெபம் முடிந்துவிட்டது.

சாப்பிட்டோம். பெரியப்பா பாயில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார். மகன் அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முதலில் சைக்கிள் கடையைப் பற்றிச் சொன்னார். பிறகு வேலை போன அந்த நாளைப் பற்றி ஆரம்பித்தார். மேலாளர் கூப்பிட்டு என்ன சொன்னார், தான் என்ன சொன்னார், வீட்டுக்கு வந்து சொல்ல எத்தனை தடவை வாயெடுத்தார், எல்லாவற்றையும் சொன்னார். சில இடங்களில் குரல் உயர்ந்தது. சூடாகவும் பேசினார். பெரியம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

வெயில் தாழ்ந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. நான் வாசலில் நின்று, "பெரியம்மா, கிளம்பலாமா?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் அசைத்தார்.

"நீங்க போங்க தம்பி. அவன் இன்னும் பேசி முடிக்கல."